டெங்குவும் கால்சியமும்: கோளாறு தண்ணீரிலா, மடையிலா?

கேள்வி: மேலூருக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் மகளுக்குப் போன ஐப்பசியில் டெங்கு. ஐந்தாம் நாள் ராத்திரி வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, இரண்டு கை விரல்களும் கூம்பிப்போய் விறைத்துக்கொண்டன. ரத்தத்தில் கால்சியம் 7.6 என்று ரிப்போர்ட் வந்தது. நரம்பில் ஊசி போட்டார்கள், சரியாகிவிட்டது. இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் ‘வைரஸ் வந்தால் வெள்ளை அணுக்களில் இருக்கும் கால்சியத்தை உறிஞ்சிவிடும், அதனால்தான் எதிர்ப்பு சக்தி போய்விடுகிறது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. மெடிக்கல் கடைத் தம்பியும் அதையே சொல்லி, வீட்டில் ஐந்து பேரும் தினம் ஒன்று போடுங்கள் என்று பத்து அட்டை கால்சியம் மாத்திரை கொடுத்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே கிட்னியில் கல். மாமியார் பிரஷருக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். அது கால்சியத்தைத் தடுக்கிற மாத்திரை என்கிறார்களே, அவருக்கு எதிர்ப்பு சக்தி குறைந்துவிடாதா? ரிப்போர்ட்டுகளின் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.

பதில்: அம்மா, கால்சியம் அட்டையை எடுத்து வையுங்கள், யாரும் போட வேண்டாம். மாமியாரின் அம்லோடிபினை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்திவிடாதீர்கள். அவசரமாகச் சொல்ல வேண்டியது இந்த இரண்டும்தான். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் கால்சியத்துக்கு மூன்று வரி கீழே ஆல்புமின் என்று ஒரு புரதம் இருக்கிறது, 2.9. அதை யாரும் உங்களுக்குக் காட்டியிருக்க மாட்டார்கள். ரத்தத்தில் ஓடும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி இந்த ஆல்புமினின் முதுகில் ஏறிச் சவாரி செய்வது. மீதிப் பாதிதான் தனியாக, வேலை செய்யும் நிலையில் இருப்பது. லேபில் சாதாரணமாக அளப்பது இரண்டையும் சேர்த்து. டெங்குவில் ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசிந்து, ரத்தத்தின் நீர்ப்பகுதி ஆல்புமினோடு வெளியே போய்விடுகிறது. ஆல்புமின் குறைந்தால் மொத்தக் கால்சியமும் குறைந்த மாதிரித்தான் தெரியும். இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: ஆல்புமின் 4 இருக்க வேண்டிய இடத்தில் எத்தனை குறைகிறதோ, அதை 0.8ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்ட வேண்டும். உங்கள் மகளுக்குக் குறைந்தது 1.1. பெருக்கினால் 0.88. 7.6உடன் கூட்டினால் 8.48. இயல்பான அளவு 8.5இலிருந்து 10.5 வரை. ஆக, பிள்ளை பள்ளத்தில் விழவில்லை, வரப்பின் மேல் நின்றிருக்கிறாள். இந்தக் கணக்கு தீவிரமான நோயில் துல்லியமாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தனிக் கால்சியத்தை நேரடியாக அளக்கும் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும், அதுதான் சரியான அளவு.

அப்படியானால் விரல் ஏன் கூம்பியது? உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது, ‘மூச்சு வாங்கி’ என்று எழுதியிருக்கிறீர்களே. பயத்திலும் வாந்தியிலும் வேகவேகமாக மூச்சு விட்டால் உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறிவிடும். ரத்தத்தின் அமிலத்தன்மை குறையும். அந்த நேரத்தில் ஆல்புமின் தனியாகத் திரியும் கால்சியத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மொத்தம் மாறாமலேயே வேலை செய்யும் பங்கு குறைந்துவிடும். முதலில் உதட்டைச் சுற்றி மரமரப்பு, பிறகு விரல்கள் பால் கறக்கிற கை மாதிரிக் கூம்பிக்கொள்ளும். ஏற்கெனவே வரப்பின் மேல் நிற்கும் பிள்ளைக்கு இந்தச் சின்னத் தள்ளல் போதும். ஊசி போட்ட டாக்டர் செய்ததில் தப்பே இல்லை. கை இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பெருக்கல் கணக்குப் போட யாருக்கும் பொறுமை இருக்காது. எனக்கும் இருந்திருக்காது.

எண்ணை மட்டும் பார்த்து ஓடக் கூடாது என்று நான் கற்றது என் சொந்தத் தவறில்தான். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு விடியற்காலையில் ரத்தம் எடுத்தேன். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் போதவில்லை. ஊதா மூடிக் குழாயில் இருந்ததைக் கொஞ்சம் இதில் சரித்துவிட்டேன். ரிப்போர்ட் வந்ததும் வார்டே அலறியது. கால்சியம் 4க்குக் கீழே, பொட்டாசியம் 8க்கு மேலே. ஓடிப்போய்ப் பார்த்தால் அந்தப் பெரியவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருப்பது கால்சியத்தைக் கவ்விப் பிடிக்கிற பொட்டாசிய உப்பு. அந்த இரண்டு எண்களும் அவருடைய உடம்பின் எண்களே அல்ல, என் சோம்பேறித்தனத்தின் எண்கள்.

சரி, வீடியோவுக்கு வருகிறேன். அதைச் செய்தவர் இரண்டு வேறு கால்சியங்களை ஒன்றாக்கிக் குழப்பிவிட்டார். ரத்தத்தில் ஓடுவது ஒன்று. எதிர்ப்பு அணுவுக்குள் நடப்பது வேறொன்று. மேலூர்க்காரருக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம், உங்கள் ஊரே பெரியாற்றுக் கால்வாயை நம்பிய ஊர்.

டி செல் என்னும் வெள்ளை அணுவை ஒரு கிராமமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியே ரத்தத்தில் கால்சியம் கரை தளும்பி ஓடுகிறது, அதுதான் கால்வாய். செல்லுக்குள்ளே ஊர்க் கண்மாய் மாதிரி ஒரு சேமிப்புப் பை உண்டு, அதிலும் கால்சியம் இருக்கும். ஆனால் வயல், அதாவது செல்லின் உட்பகுதி, கிட்டத்தட்டக் காய்ந்து கிடக்கும். வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட உள்ளே இருக்காது. தானாக அப்படி இருப்பதில்லை. உள்ளே கசிந்து வருவதை மோட்டார் போட்டு இறைக்கிற மாதிரி ராப்பகலாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது செல். இவ்வளவு பாடுபட்டு ஏன் வயலைக் காய வைக்க வேண்டும்? காய்ந்த வயலில்தானே துளித் தண்ணீர் வந்தாலும் தெரியும். கால்சியம் அங்கே உணவு அல்ல, சேதி.

டி செல் தன் எதிரியை அடையாளம் கண்டதும் உள்ளே ஒரு சமிக்ஞை கிளம்பிக் கண்மாயின் மடையைத் திறந்துவிடும். கொஞ்சம் கால்சியம் வயலுக்கு வரும். அது போதாது. ஆனால் கண்மாயின் மட்டம் இறங்கியதை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார், உங்கள் ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி மாதிரி. ஸ்டிம்-1 என்று அந்தப் புரதத்துக்குப் பெயர். மட்டம் இறங்கியதும் அவர் கரையோரமாக நகர்ந்து போய்க் கால்வாய் ஷட்டரைத் தொடுவார். தொட்டால்தான் திறக்கும். அந்த ஷட்டரின் பெயர் ஓராய்-1. திறந்ததும் வெளியிலிருந்து கால்சியம் பாயும், உள்ளே இருந்த அளவு பத்து மடங்குவரை ஏறும். ஒரு நிமிடம் பாய்ந்தால் பயனில்லை, மணிக்கணக்கில் பாய வேண்டும். அப்போதுதான் கால்சிநியூரின் என்ற நொதி விழித்து, என்-ஃபாட் என்ற தூதனை உட்கருவுக்குள் அனுப்பி, ‘பெருகு, படை திரட்டு’ என்று மரபணுக்களுக்கு உத்தரவு போகும். வைரஸ் புகுந்த செல்லைத் துளைத்துக் கொல்லும் அணுக்கள் தங்கள் விஷப் பொட்டலத்தை அவிழ்ப்பதற்கும் இதே பாய்ச்சல்தான் வேண்டும்.

(ஓராய் என்ற பெயர் கிரேக்கப் புராணத்தில் சொர்க்க வாசலைக் காக்கும் தேவதைகளுடையது. நம் பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை பார்க்கிறோமே, அந்த ஓரைக்கும் வேர் அதே கிரேக்கச் சொல்தான். சுற்றிச் சுற்றி வந்து செல்லின் வாசலில் நிற்கிறது.)

இந்த ஷட்டரைக் கண்டுபிடித்த கதையே உங்கள் கேள்விக்குப் பதில். சில குழந்தைகள் பிறந்ததிலிருந்து ஓயாத தொற்றால் அவதிப்பட்டார்கள். டி செல்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் அவை வேலை செய்யவில்லை. காரணத்தைத் துருவிப்போனபோது 2006இல் ஓராய்-1 மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை அகப்பட்டது. ஷட்டர் திறக்கவே மாட்டேன் என்கிறது. கவனியுங்கள், கால்வாயில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு லாரி லாரியாகக் கால்சியம் கொடுத்தாலும் ஒரு டி செல்கூட விழித்திருக்காது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். கிட்னி மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் என்னிடம் சளி, காய்ச்சலுக்கு வருவார்கள். அவர்கள் காலையும் மாலையும் கடிகாரத்தைப் பார்த்து விழுங்கும் டாக்ரோலிமஸ் என்ன செய்கிறது தெரியுமா? மேலே சொன்ன கால்சிநியூரினைக் கட்டிப்போடுகிறது. தண்ணீர் பாய்கிறது, வயல் நனைகிறது, விதைக்கிற கையைப் பிடித்துவிட்டார்கள். அதனால்தான் உடம்பு புதுக் கிட்னியைத் தாக்காமல் விடுகிறது, அதனால்தான் இவர்களுக்குத் தொற்றும் சீக்கிரம் வருகிறது. இவர்களுடைய ரத்தக் கால்சியம் பெரும்பாலும் உங்களுடையதைப் போல்தான் இருக்கும்.

வைரஸ் இந்த ஏற்பாட்டில் கை வைப்பது உண்மைதான், அந்த அளவுக்கு வீடியோக்காரர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் உறிஞ்சுவதில்லை. பெரும்பாலும் நடப்பது நேர் எதிர், உள்ளே கால்சியம் ஏறிவிடுகிறது. வைரஸுக்குச் சொந்தமாக வயலும் கிடையாது, மாடும் கிடையாது. நம் செல்லின் பாசனத்தில்தான் அது பயிர் செய்தாக வேண்டும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸ், என்எஸ்பி-4 என்ற புரதத்தால் கண்மாய்க் கரையிலேயே ஓட்டை போடும். கால்சியம் கசிந்து ஏறும். அந்த வைரஸின் மேலோடு கோத்து நிற்பதற்கே கால்சியம் வேண்டும். அது குடல் செல்லில் நடக்கிற கூத்து. எதிர்ப்பு அணுவுக்குள்ளேயே குடியேறும் வைரஸ்கள் இன்னும் தந்திரமானவை. எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் பி-12 என்னும் சிறு புரதத்தை டி செல்லின் கண்மாய்க் கரையில் உட்கார வைத்து, எதிரியே வராதபோதும் மடையைக் கசிய விடுகிறது. எச்ஐவி அதைவிடக் கெட்டிக்காரன். நெஃப் என்ற புரதத்தால் செல்லை எப்போதும் பாதி விழிப்பில் வைத்திருக்கும். ஏனென்றால் என்-ஃபாட் தூதன் உட்கருவுக்குள் வந்தால் நம் மரபணுவை மட்டும் வாசிப்பதில்லை, எச்ஐவியின் மரபணுவையும் சேர்த்து வாசித்துவிடுவான். நம் ஆளை வைத்தே தன் வேலையை முடித்துக்கொள்கிறது. 2003இல் உலகத்தை ஆட்டிய சார்ஸ் வைரஸின் ‘ஈ’ புரதமும் உள்ளறைகளிலிருந்து கால்சியத்தைக் கசிய விட்டு, அழற்சியைத் தூண்டும் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

டெங்கு புகுந்த கல்லீரல் செல்களிலும் கால்சிய ஓட்டம் மாறுவதையும், அந்த மாற்றம் வைரஸ் பெருக உதவுவதையும் ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். மாஸ்ட் செல் என்று தோலிலும் ரத்தக் குழாய் ஓரங்களிலும் காவல் நிற்கும் ஓர் அணு உண்டு. உள்ளே கால்சியம் ஏறினால் அது தன் பொட்டலங்களை எல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்த்துக் கொட்டிவிடும். டெங்குவில் அது உசுப்பிவிடப்படுகிறது, அது கொட்டுகிற பொருள்கள் குழாய்ச் சுவரைக் கசிய வைக்கின்றன. அந்தக் கசிவில்தான் ஆல்புமின் வெளியே போனது, அதனால்தான் உங்கள் கையில் 7.6 என்ற காகிதம் வந்தது. எதிர்ப்பு அணுவுக்குள் கால்சியம் ஏறியதன் வால்தான் ரத்தத்தில் கால்சியம் இறங்கியதாகத் தெரிந்ததில் ஒரு பங்கு. வாந்தியில் மெக்னீசியம் போவதும், ரத்தக் கால்சியத்தைச் சரிக்கட்டும் பாராதைராய்டு சுரப்பி கடும் காய்ச்சலில் கொஞ்சம் மந்தப்படுவதும் மீதிப் பங்காக இருக்கலாம்.

அதிகமாகப் பாய்ந்தால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை. என்-ஃபாட் தூதன் தனியாக வந்து உத்தரவு போட்டால் பலிக்காது, கூட இன்னொரு தூதனும் கையெழுத்துப் போட வேண்டும். துணை இல்லாமல் இவன் மட்டும் நாள்கணக்கில் கத்திக்கொண்டிருந்தால் டி செல் களைத்துப்போய் வேலையை விட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கும் வைரஸ்களோடு மல்லுக்கட்டும் டி செல்கள் சோர்ந்துபோவதற்கு இது ஒரு காரணம். ஓயாமல் தண்ணீர் கட்டி நின்றால் நாற்று அழுகும், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தப் பத்து அட்டை என்ன செய்யும்? எதிர்ப்பு அணுவுக்கு ஒன்றும் செய்யாது. உங்கள் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி பருமனில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் ஒரு பொட்டு குறைந்தாலும் எலும்பிலிருந்து எடுத்துச் சரிக்கட்டும். கூடினால் சிறுநீரில் தள்ளிவிடும். தேவையில்லாதவர் விழுங்கும் மாத்திரையில் குடல் உறிஞ்சுவது அந்த வழியாகத்தான் போகும். கல் இருக்கிற உங்கள் வீட்டுக்காரர் வெறும் வயிற்றில் அதைப் போடுவது கல்லுக்கு எரு போடுகிற மாதிரி. ஆனால் கல் இருக்கிறது என்று பாலையும் மோரையும் நிறுத்தியிருந்தால் அதுவும் தப்பு. சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றும், கல்லுக்கு அது விரோதி அல்ல.

மெடிக்கல் கடைத் தம்பி சொல்லாமல் விட்ட ஒன்று: வீட்டில் யாராவது தைராய்டு மாத்திரை சாப்பிட்டால், கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளினையும் கால்சியம் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். காய்ச்சலுக்குத் தெம்பு என்று இதைக் கொடுத்து, காய்ச்சல் மருந்தையே கெடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கேப்பையில் 350 அளவுக்கு இருக்கிறது, ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல். முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு தின்கிற நெத்திலிக் கருவாடு எல்லாம் உங்கள் அடுப்படிக்குப் பழக்கமானவைதான். இது எலும்புக்காகச் சொல்கிறேன், வைரஸுக்காக அல்ல.

மாமியார் விஷயம். அம்லோடிபின் அடைக்கிற வாசல் வேறு. ரத்தக் குழாய்த் தசையில் மின்னழுத்தம் மாறும்போது திறக்கும் வாசல் அது. அதை அடைத்தால் தசை தளர்ந்து பிரஷர் இறங்கும். டி செல்லின் ஓராய் ஷட்டருக்கு அந்தச் சாவி சேராது. ‘கால்சியத்தைத் தடுக்கும் மாத்திரை’ என்ற பெயரைக் கேட்டு, மூட்டு வலிக்கு இதுதான் காரணம் என்று தானாக நிறுத்திவிட்டு, பக்கவாதத்தோடு வந்த பாட்டி ஒருவரை ஒத்தக்கடைப் பக்கமிருந்து கூட்டி வந்தார்கள். கால் வீங்கினால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், அது இந்த மாத்திரையால் வரலாம். வேறு பயம் வேண்டாம்.

மகளுக்கு இப்போது மருந்து எதுவும் தேவைப்படாது. ஒரு தடவை மட்டும் கால்சியம், ஆல்புமின், மெக்னீசியம் மூன்றும் சேர்த்துப் பாருங்கள். கால்சியம் அப்போதும் குறைவாக இருந்தால் வைட்டமின் டி, பாராதைராய்டு பார்க்க வேண்டியிருக்கும், ரிப்போர்ட்டோடு வாருங்கள். டெங்குவில் நான்கு வகை உண்டு. வந்துபோன வகை திரும்ப வராது, மற்ற மூன்றில் ஒன்று வந்தால் இரண்டாம் தடவை கடுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்த மழைக்குள் தையல் கடைக்குப் பின்னால் டிரம், சிமென்ட் தொட்டி, பழைய டயர் என்று எதில் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள், வாரம் ஒரு தடவை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், பிள்ளை துவண்டு படுப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்று ராத்திரியே கிளம்பிவிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

பிரிக்காத அட்டைகளைப் பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.